49-ஆவது மணி நேரத்துக்கு யார் பணம் கட்டுவது?



2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுக்காக எல்லோரும் உச்சுக்கொட்டியாயிற்று. அதே ஆண்டில் அடிபட்டுப் பிழைத்தார்களே 4,43,366 பேர், அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று யாராவது கேட்டார்களா? அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105!

2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. நல்ல திட்டம், வாயாரப் பாராட்டுகிறேன். 49-ஆவது மணி நேரத்துக்கு? காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். ஆபரேஷனுக்கு அட்டை இருக்கிறது. போன கூலிக்கு எந்த அட்டை?

சாலைக் குழியில் விழுந்து தொடை எலும்பு முறிந்த கொத்தனாருக்கு ராடு வைத்துத் தைத்து அனுப்புகிறார்கள். எலும்பு சேர மாதக்கணக்காகும். அதுவரை சாரம் ஏற முடியாது. கக்கூசுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக மனைவியும் வேலையை விட வேண்டும். ஒடிந்தது ஒரு கால், போனது இரண்டு கூலி! தோடு அடகுக் கடைக்கு, பையன் சித்தாள் வேலைக்கு. இந்தச் செலவு எந்த பட்ஜெட்டில் வருகிறது?

அவர் படுத்த கட்டில், ஏற்றிய ரத்தம், எடுத்த ஸ்கேன் எல்லாம் நம் வரிப்பணம். சாலையில் குழி வெட்டி மூடாமல் போனவன் கணக்கில் ஒரு ரூபாய் ஏறியதா?

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று பிரிவு சேர்த்தார்கள். தரம் தப்பிய சாலையால் உயிரோ உறுப்போ போனால், ஒப்பந்ததாரருக்கு அதிகபட்ச அபராதம் 1 லட்சம் ரூபாய். கோடிக்கணக்கில் டெண்டர் எடுப்பவருக்கு இது டீ செலவு! ஹெல்மெட் போடாத நமக்கு 1,000 ரூபாய். ஹெல்மெட் போடுங்கள், அபராதமும் கட்டுங்கள். அதே கண்டிப்பு அந்தப் பக்கமும் வேண்டாமா?

மோதியது அரசு பஸ் என்றால்? 'நஷ்டஈடு தராததால் அரசு பஸ் ஜப்தி' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதற்கு என்ன பொருள்? தீர்ப்பு வந்த பிறகும், காலொடிந்தவன் கோர்ட் அமீனாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால்தான் பணம்!

எங்கள் கோரிக்கை மூன்று. முடங்கியவருக்கு வேலைக்குத் திரும்பும்வரை மாத உதவித்தொகை. நஷ்டஈட்டுக்குக் கெடு. குழி விட்டவனிடம் சிகிச்சைச் செலவு வசூல். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இன்றைக்கும் அந்தச் செலவை ஒருத்தி கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், தோட்டைக் கழற்றி! ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி இதைக் கேளுங்கள்.