தலையாட்டலின் கணக்கு: மறுமொழிப் பாணியும் அளவீடும்

கேட்ட பொருள் எதுவானாலும் ஒருவர் ஒரே விதமாகக் குறியிடும் பழக்கமே மறுமொழிப் பாணி. சிலர் எதற்கும் தலையாட்டுவர். சிலர் ஓரக் கட்டங்களையே தேடுவர். சிலர் நடுவில் ஒதுங்குவர். உடன்பாட்டைப் படிப்படியாகக் குறிக்கும் தம் அளவுகோலை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்தார். லீ கிரோன்பாக் 1946இல் இப்பழக்கத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். துறைக்குள் நடக்கும் வழக்கு இதுதான்: பாணியைக் கணக்கில் பின்னர் கழித்துவிடலாமா, வினா எழுதும்போதே பிடிக்க வேண்டுமா?

இவ்வழக்குக்கு எஃப் அளவுகோலைவிட நல்ல சாட்சி இல்லை. அடோர்னோவும் பெர்க்லி ஆய்வாளர் மூவரும் 1950இல் வெளியிட்ட நூலில், அதிகாரத்துக்குப் பணியும் மனப்பாங்கை அளக்க அமைந்தது அது. அதன் கூற்றுகள் யாவும் ஒரே திசையில் இருந்தன. உடன்பட்டால் மதிப்பெண் ஏறும். கொள்கையால் உடன்பட்டவரும் பழக்கத்தால் உடன்பட்டவரும் ஒரே தட்டில் நின்றனர்.

பத்துக் கூற்றுகள், ஐந்து புள்ளிகள் எனச் சுருக்கிப் பார்க்கலாம். கொள்கைக்காரர் எல்லாவற்றுக்கும் 4 இடுகிறார். ஆமாம்சாமியும் 4 இடுகிறார். இருவருக்கும் 40. ஐந்து கூற்றுகளை எதிர்த்திசையில் எழுதியிருந்தால், கொள்கைக்காரர் அவற்றுக்கு 2 இடுவார். திருப்பிக் கணக்கிட்டால் மீண்டும் 40. ஆமாம்சாமியோ அங்கும் 4 இடுவார், அவருக்கு 30. பத்து மதிப்பெண் இடைவெளி வினாவின் அமைப்பிலிருந்து வந்தது, சூத்திரத்திலிருந்து அன்று.

ஒவ்வொருவரின் சராசரியையும் அவரவர் விடையிலிருந்து கழித்தால் போதும் என்பது, பின்னர் கழிக்கலாம் என்னும் எதிர்த்தரப்பின் பழைய மருந்து. ஒரே திசைப் பட்டியலில் அதைச் செய்தால் இருவருக்கும் மிஞ்சுவது பத்துப் பூச்சியம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

லியோனார்டு ரோரர் 1965இல் பாணி என்பதே பெருங்கட்டுக்கதை என்று வாதிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. எதிர்த்திசைக் கூற்று முதற் கூற்றின் நேர் மறுப்பாக இருப்பதில்லை. பிள்ளைகள் பெரியோர் சொல் கேட்க வேண்டும் என்பவர், பிள்ளைகள் கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்றும் முரணின்றிச் சொல்லலாம். ஆகவே இரட்டை உடன்பாடு எல்லாமே தலையாட்டல் ஆகாது. ரோரரின் வாதம் கூற்றைக் கவனித்து எழுதச் சொல்லும் எச்சரிக்கை. எதிர்த்திசைக் கூற்றையே கைவிடச் சொல்லும் தீர்ப்பு அன்று.

புள்ளியியல் மாதிரிகளுக்கும் வேலை உண்டு. உல்ஃப் பாக்கன்ஹோல்ட் 2012இல் விளக்கிய மரவடிவ மாதிரி ஒரு விடையை மூன்று முடிவுகளாகப் பிரிக்கிறது: நடுவா இல்லையா, எந்தப் பக்கம், ஓரமா இல்லையா. ஓரச் சாய்வையும் நடுச் சாய்வையும் பிரிக்க இது உதவும். ஆனால் ‘எந்தப் பக்கம்’ என்ற கிளையில் கருத்தும் தலையாட்டலும் கலந்தே கிடக்கும்.

கேரி கிங் குழுவினர் 2004இல் விளக்கிய, கற்பனை மனிதர் பற்றிய குறிப்புகளை வைத்து அளவுகோலை ஒப்பிடும் முறை, விடையளிக்க எடுக்கும் நேரம், ‘இல்லை’ என முடியும் தமிழ்க் கூற்றுக்கு ‘உடன்பாடில்லை’ எனக் குறிப்பதில் வரும் தடுமாற்றம் ஆகியவை தனித்தனியே ஆராயத்தக்கன. அதுவரை, ஆய்வேடு எழுதுவோர் எத்தனை கூற்றுகள் எதிர்த்திசையில் இருந்தன என்பதையாவது முதல் அட்டவணையிலேயே அச்சிட வேண்டும்.