ஊடுகதிரும் மறைத்த நோயும்

(வெம்பாக்கத்திற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எக்ஸ்ரே என்னும் ஊடுகதிரைப் பற்றிச் சில கூறுமாறு பணித்தீர்கள். தமிழ் கற்பிக்கும் யான் இதற்கு இசைந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனி தேசத்து வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர், காற்று அகற்றிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கருந்தாளால் மூடியிருந்தும், அப்பாலிருந்த இரசாயனத் திரை ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலனாகாத கதிரொன்று தாளை ஊடுருவியதென உணர்ந்து, இயல்பு அறியப்படாமையின் அதற்கு 'எக்ஸ்' எனப் பெயரிட்டார். அதுவும் ஒளியினமே, அலைநீளம் மட்டும் மிகக் குறுகியது. விரைந்து பாயும் எலெக்ட்ரான்கள் உலோகத்தில் மோதித் தடைப்படும்போது அது பிறக்கின்றது.

நாம் நெய்யும் பட்டுப் புடைவையை விளக்கின்முன் பிடித்துப் பாருங்கள். மெல்லிய உடற்பகுதி வெளிச்சத்தை விடும். ஜரிகைக் கரை மறைக்கும். சுண்ணாம்புச் சத்து மிக்க எலும்பு ஜரிகை போன்றது. கதிரைத் தடுத்துப் படத்தில் வெண்மையாகத் தோன்றும். காற்று நிறைந்த நுரையீரலைக் கதிர் எளிதிற் கடத்தலின், அது கருமையாகத் தோன்றும். அக்கருமையில் வெண்டிட்டுக் காணின், மருத்துவர் க்ஷயரோகமோ என ஐயுற்றுக் கோழையையும் சோதித்துத் தெளிவர்.

மார்பை ஒருமுறை படமெடுக்கச் செலுத்தும் கதிர் மிகச் சிறிது; அஞ்சற்க. கருவுற்ற மாதர் மட்டும் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

இனி அக்காரணத்தைக் கூறுவேன். என் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையார் தறிக்குழியில் அமர்ந்தபடியே மாதக்கணக்காக இருமினார். மகளுக்குச் சம்பந்தம் பேசும் வேளையில் வெளியே தெரியலாகாதென்று படமெடுக்க மறுத்தார். மணம் முடிந்தது, அடுத்த தீபாவளியை அவர் காணவில்லை. பின்னர் மகனுக்கும் அந்நோய் கண்டது. அவன் உடனே சென்று, முறை தவறாது மருந்துண்டு, இன்று தந்தையின் தறியில் நெய்கின்றான்.

சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1934-இலேயே பார்னார்டு பெயரால் கதிரியல் நிலையம் ஏற்பட்டது. 1956-இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் சானடோரியத்தில் தங்குவோரைப் போலவே குணமடைகின்றனர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டினர். ஆதலின் நோயாளியை ஒதுக்கி வைத்தல் அறிவுமன்று, அறமுமன்று.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோரை அரசினர் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே சோதனையும் மருந்தும் இலவசம். நோய் தீர்ந்தவர் வீட்டிற் பெண் கொடுக்கவும் கொள்ளவும் நம்மவர் தயங்கலாகாதென இச்சபை இன்றே தீர்மானம் செய்தல் வேண்டும். அவ்வச்சம் நீங்கினாலன்றி, எத்துணை நுட்பமான கருவி வந்தும் பயனில்லை.