வழி காட்டிய கை



கற்பிக்கச் சென்றவரே கற்றுக்கொண்டு திரும்பிய வரலாறுகள் உலகில் சில உண்டு. அவற்றுள் ஒன்று ஜப்பான் நாட்டு மலைகளில் நிகழ்ந்தது.

வால்டர் வெஸ்டன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் 1888ஆம் ஆண்டில் திருச்சபைப் பணிக்காக ஜப்பான் சென்றார். முதலில் குமாமோட்டோவிலும் பின்னர்க் கோபே நகரிலும் பணியாற்றினார். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறிப் பழகிய அவர், விடுமுறைக் காலங்களில் நடு ஜப்பானின் உயர்மலைகளை நாடினார்.

1893இல் ஹோட்டக்கா மலைத்தொடரின் 3,090 மீட்டர் உயரமுள்ள முன்சிகரத்திற்கு அவரை அழைத்துச் சென்றவர் கமிஜோ கமோன்ஜி. காமிகோச்சிப் பள்ளத்தாக்கில் குடிசை அமைத்து, வேட்டையாடியும் ஆற்றுமீன் பிடித்தும் வாழ்ந்தவர் அவர். எப்பாறை காலைத் தாங்கும், எவ்வோடையை எவ்விடத்தில் கடக்கலாம் என்பன அவருக்கு வாழ்க்கை தந்த கல்வி. ஆல்ப்ஸ் கண்ட பாதிரியார் அக்கல்வியின் பின்னே நடந்தார்.

எல்லா மலையும் எளிதில் இடங்கொடுத்துவிடவில்லை. அயலார் கால் பட்டால் மலைத்தெய்வம் சினந்து புயலை ஏவும் என்று அஞ்சிய சிற்றூர் மக்கள், காசாகத்தாகே மலைக்கு வழிகாட்ட மறுத்தனர். வெஸ்டனின் முன்னைய முயற்சிகள் தடைப்பட்டன. 1894இல் அவ்வட்டார வேட்டுவர் துணை கிடைத்த பின்னரே அவர் அம்மலையில் ஏறினார். ஊரார் அச்சத்தையும் மதித்து, உதவியையும் பெற்றாலன்றி அயலானுக்கு மலை இல்லை என்பது இதனால் விளங்கும்.

1896இல் வெஸ்டன் எழுதிய நூல் ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகளை உலகறியச் செய்தது. அவர் தந்த ஊக்கத்தால் 1905இல் ஜப்பானிய மலையேற்றக் கழகம் தோன்றியது. 1937இல் காமிகோச்சியில் அவருக்கு உருவப் பலகை அமைக்கப்பெற்றது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே அவர் பெயரால் விழாவும் நடைபெறுகிறது.

ஆயின் முன்னே நடந்தவர் யார்? உருவப் பலகை ஏறியவரைச் சொல்கிறது, ஏற்றியவரைச் சொல்லவில்லை. அதனைச் சொல்வது ஒரு பனிக்கோடரி. வெஸ்டன் தம் வழிகாட்டிக்கு அன்பளிப்பாக ஈந்த அக்கோடரி, கமோன்ஜியின் பெயர் தாங்கிய மலைக்குடிலில் இன்றும் காக்கப்படுகிறது. மலையேறுவோன் தன் கருவியைப் பிறர் கையில் கொடுப்பது எளிய செயலன்று. இந்த வெற்றி உன்னுடையதும் ஆகும் என்று ஒப்புக்கொள்ளும் செயல் அது.

சிகரத்தில் நின்றவரை வரலாறு எழுதிவைக்கும். வழி காட்டிய கையை நினைவில் வைப்பது நன்றியுடையோர் கடன்.