பச்சைத் தேயிலையும் சாயப்பட்டறைக் கைகளும்

‘க்ரீன் டீ சேர்த்தது’ என்று அட்டையில் அச்சிட்ட முகக் களிம்புகள் இன்று காஞ்சிபுரத்து மருந்துக்கடைகளிலும் கிடைக்கின்றன. அங்குள்ள பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர்களும் சாயம் போடுகிறவர்களும் உழைத்துச் சேர்த்த காசில் அவற்றை வாங்கலாமா? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நீலகிரியில் பறித்த கொழுந்தை உடனே ஆவியிலோ சூட்டிலோ வாட்டினால் அதிலுள்ள நொதி செயலிழந்துவிடும். இலையிலுள்ள கேட்டசின்கள் என்னும் வேதிப்பொருள்கள் பெரும்பாலும் அப்படியே தங்கும். அதுதான் பச்சைத் தேயிலை. நாம் பால் ஊற்றிக் குடிக்கும் தேநீருக்கு இலையை நசுக்கிக் காற்றில் பழுக்க விடுகிறார்கள். அப்போது கேட்டசின்களில் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது. கேட்டசின்களில் முதன்மையானது எபிகேலோகேட்டசின் கேலேட், சுருக்கமாக இ.ஜி.சி.ஜி.

வெயிலின் புற ஊதாக் கதிர் தோலுக்குள் செல்களைச் சிதைக்கும் மூலக்கூறுகளைக் கிளப்புகிறது. அவற்றை அடக்கும் திறன் இ.ஜி.சி.ஜி.க்கு உண்டு. 2001-இல் அமெரிக்காவில் எல்மெட்ஸ் குழுவினர் தன்னார்வலர்களின் தோலில் தேயிலைச் சாற்றைத் தடவிப் பின் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். தடவிய இடம் குறைவாகவே சிவந்தது. முகப்பருவிலும் எண்ணெய்ச் சுரப்பையும் அழற்சியையும் தேயிலைச் சாறு ஓரளவு தணிப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. 2006-இல் பிறப்புறுப்பு மருக்களுக்கான தேயிலைச் சாற்றுக் களிம்புக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதில் சாற்றின் அளவு 15 சதவீதம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் வாங்க முடியும்.

ஆனால் அழகுக் களிம்பில் எவ்வளவு சாறு சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பல அட்டைகள் சொல்வதே இல்லை. சேர்த்தாலும் அது நிலைப்பது கடினம். காற்றும் ஒளியும் பட்டால் இ.ஜி.சி.ஜி. பழுப்பேறி வலுவிழக்கும். பட்டுச்சேலையைத் துணியில் சுற்றி, வெயில் படாமல் பீரோவில் வைக்கிற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அகல வாய் டப்பாவைவிட ஒளி புகாத குழாயில் வருவது மேல். தண்ணீரில் கரையும் மூலக்கூறு என்பதால் தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவதும் குறைவு. வெயில் காப்புக் களிம்புக்குத் தேயிலைக் களிம்பு ஒருநாளும் ஈடாகாது.

தோல் பளபளக்கும் என்று விற்கும் தேயிலைச் சாற்று மாத்திரைகளை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி.யை மாத்திரையாக உட்கொண்டால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

இனி சாயப்பட்டறைக்கு வருவோம். பட்டு நூலின் பசையை எடுக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். பிறகு சூடான சாயத்தொட்டியில் நூலை முக்கிப் புரட்டுகிறோம். சோடா தோலின் எண்ணெய்ப்பசையை உரித்துவிடும். விரல் இடுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் சாயம் இறங்கி அரிப்பெடுக்கும். தேயிலைக் களிம்பு இதை ஆற்றாது. வாசனை சேர்த்ததாக இருந்தால் எரிச்சல் கூடவும் செய்யலாம். நீண்ட ரப்பர் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கை கழுவி, ஈரம் ஒற்றி, வாசனையில்லாத வாசலினைத் தடவுங்கள். இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால் அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தச் சாயத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஒவ்வாமைக்குக் காரணம் எது என்று அவர் தேடத் தொடங்குவது அங்கிருந்துதான்.