நான் படித்த நாலு புத்தகம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பரிசாகப் புத்தகம் கொடுக்கிறோம், அதைப் பற்றியே பேசிவிடுங்கள்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நான் விமர்சகன் அல்ல. பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகிற ஆள். விடுமுறையிலும், லாபுவிலிருந்து சிரம்பான் போகும் கொமூட்டர் ரயிலிலும் படித்ததில் மனசில் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு வேறு மாதிரி படலாம்.

முதலில் 'டோட்டோ-சான்'. ஜப்பானில் தெட்சுகோ குரோயாநாகி எழுதி 1981-இல் வெளிவந்து, பிறகு தமிழுக்கும் வந்தது. சேட்டை தாங்காமல் ஒரு பள்ளி அனுப்பிவிட்ட சிறுமியை, கோபயாஷி என்ற தலைமையாசிரியர் சேர்த்துக்கொள்கிறார். முதல் நாளே நாலு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்கிறார். அங்கே வகுப்பறைகள் எல்லாம் ஓடாத ரயில் பெட்டிகள். படித்துவிட்டு வெட்கப்பட்டேன். ஒரு பிள்ளை பேசுவதை நாலு நிமிடமாவது நான் முழுசாகக் கேட்டிருக்கிறேனா? அந்தப் பள்ளியில் மொத்தமே ஏறக்குறைய 50 பிள்ளைகள்தான். நம்முடையது சின்னப் பள்ளி என்று குறைத்துப் பேசுவதை அன்றோடு விட்டேன்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) எனக்குச் சுலபமாகப் பிடிபடவில்லை. முதல் தடவை பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை மெடானும் பினாங்கும் கண்ணில் தெரிய ஆரம்பித்தன. ஆனாலும் வட்டிக்கடை, சரக்குக்கடை, பட்டாளம் என்றே கதை போகிறது. பால்மரம் வெட்டிய நம்ம ஆட்கள் எங்கே என்று தேடிக்கொண்டே படித்தேன்.

தோட்டத்து ஆட்களை 'எரியும் பனிக்காடு' காட்டியது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். ஆசை காட்டி ஆள் பிடிக்கும் மேஸ்திரியைப் பார்த்ததும் நம் கங்காணி ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு ஒரு மனத்தாங்கல்: துன்பத்துக்கு மேல் துன்பம், மூச்சு விட இடமில்லை. லயத்தில் சிரிப்பும் இருந்ததுங்க. என் அம்மா சொன்ன கதைகளில் பாதி சிரிப்புக் கதைதான்.

நாலாவது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005). அவரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. டோக்கியோப் பிள்ளைகள் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து படித்த அதே காலத்தில், 1942-43-இல், ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம்மவர்களைக் கொண்டு போனான். அந்தக் கதைதான் இது. செத்துப்போன போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர் அப்பாவும் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. பாட்டிக்குக் கண் தெரியாததால், சாயங்காலத்தில் இந்த நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினேன். முகாம் வாழ்க்கை வரும் பக்கங்களில் கையை நீட்டி நிறுத்தினார். "சார், கதையெல்லாம் இருக்கட்டும். சீக்கா கெடந்தவங்களுக்குத் தண்ணி கொடுத்தாங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பக்கங்களைப் புரட்டினேன். 1943-இல் அந்த முகாம்களில் காலரா கொள்ளை கொண்டதை வேறு இடத்தில் படித்திருக்கிறேன். அதை எப்படி வாய் திறந்து சொல்வது? "கொடுத்திருப்பாங்க பாட்டி" என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் அப்பாவின் பெயரைச் சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரை முதல் வரியில் எழுதினேன். இரண்டாம் வரி இன்னும் காலியாக இருக்கிறது. நோட்டு ஆறாம் ஆண்டு வகுப்பில் என் மேசை மேல்தான் இருக்கும். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா என்று இன்று ராத்திரியே பெரியவர்களைக் கேளுங்கள். ஊரும் வயதும் தெரியாவிட்டால் பரவாயில்லை, பெயர் போதும். பள்ளி விட்ட பிறகு இரண்டு மணி வரை நான் அங்கேதான் இருப்பேன்.