உழவரின் முதுகும் முழங்காலும்

(உழவர் நாள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நடவு இடைவெளி பற்றியோ களை நிர்வாகம் பற்றியோ நான் பேசப் போவதாக எண்ணி வந்திருப்பீர்கள். உழவியல் பாடம் சொல்லும் ஆசிரியர் முதுகுவலியைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமே. நான் மருத்துவன் அல்லன். ஆயினும் செயல்விளக்கத் திடல்களுக்காக ஊர் ஊராகச் செல்லும்போது, விதை நேர்த்தியைப் பற்றிச் சொல்லி முடித்து வரப்பில் அமர்ந்தவுடன் வருகிற முதல் கேள்வி பல நேரங்களில் பயிரைப் பற்றியதாக இருப்பதில்லை. "குனிஞ்சா நிமிர முடியலீங்க, இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?" என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்பவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நிலம் இரண்டு மூன்று ஏக்கர் இருக்கும். பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருப்பார்கள். அவருடைய முதுகு நின்றுபோனால் அந்த நிலத்தில் வெள்ளாமையும் நின்றுபோகும். மாட்டை விற்று அறுவை செய்துகொள்வதா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். ஆகவே இதுவும் வேளாண்மைப் பிரச்சினைதான்.

வயதானவர்களின் முதுகுவலி, முழங்கால் வலி ஆகியவற்றில் பெரும்பாலானவை அறுவை தேவைப்படாதவை. இதைத் துணிந்து சொல்லலாம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் முன்னிற்பவை உடற்பயிற்சி, நோயாளிக்கு நோயைப் புரிய வைத்தல் போன்றவைதான். நம்மவர்கள் ஆசையாக வாங்கி இறுக்கிக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது. எடை தொங்கவிட்டு இடுப்பை இழுக்கும் முறையையும் அது பரிந்துரைக்கவில்லை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புக் கட்டைகளால் ஆனது. ஒவ்வொரு கட்டைக்கும் இடையில் மெத்தை போன்ற வட்டு உள்ளது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் இந்த வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுத்திருக்கும்போது அது 25 அளவே. முன்னால் குனிந்தால் 150. குனிந்தபடி கையில் எடையும் பிடித்தால் 220. நடவு நடும் தாய்மார்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இந்த 150-இல் நிற்கிறார்கள் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆனால் முதுகுவலிக்கு மருத்துவமனைக்குப் போவது என்று வந்தால் முதலில் கிளம்புவது வீட்டு ஆண்கள்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

முழங்காலில் நிகழ்வது வேறு. எலும்பு நுனியை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு வயதாக ஆகத் தேய்கிறது. தேய்மானத்தை முற்றிலும் திருப்ப இயலாது. ஆனால் மூட்டைத் தாங்குபவை அதைச் சுற்றியுள்ள தசைகள். தசை வலுவாக இருந்தால் தேய்ந்த மூட்டும் வேலை செய்யும். வலிக்கிறது என்று ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் தசை சூம்பிவிடும். வலி இன்னும் கூடும். இந்தச் சுழலில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

கருவியை உடலுக்கு ஏற்ப மாற்றுங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு காலத்தில் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தையே கொடுத்து வந்தார்கள். நாள் முழுவதும் குனிந்தே வேலை செய்தவர்களின் முதுகு பாழாயிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1975-இல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. பயிர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீளப் பிடியைக் கொண்டே அதே வேலையைச் செய்தார்கள். நம் ஊரில் களைக்கொத்தின் பிடி இன்றும் ஒரு முழத்தைத் தாண்டுவதில்லை. பழக்கம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் பல இடங்களில் இல்லை.

நெல்லில் வரிசை நடவு செய்திருந்தால் நின்றபடியே களையெடுக்கலாம். 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்த வயலில், நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாட்களுக்கு ஒரு முறை கோனோவீடரை இரு திசைகளிலும் உருட்டலாம். வயலில் மெல்லிய நீர் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் உருட்டினால் தோள்பட்டை போய்விடும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: கனமான களிமண் வயலில் அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு கோனோவீடரே பெரும் பாரம். அவர்கள் விசைக் களையெடுப்பானை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே மேல். தோட்டக்காலிலும் மானாவாரியிலும் நட்சத்திரச் சக்கரம் பொருத்திய நீளப்பிடிக் களைக்கருவி நன்றாக வேலை செய்யும். தள்ளும் கருவி எதுவானாலும் கைப்பிடி உங்கள் முழங்கை உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே பயன்படுத்தாமல், உங்கள் உயரத்தைச் சொல்லிப் பட்டறையில் மாற்றிக்கொள்ளுங்கள். கணவன் உயரத்துக்குச் செய்த பிடி மனைவிக்குப் பொருந்தாது.

நேரடி நெல் விதைப்புக்கு உருளை விதைப்பான் இருக்கிறது. நடவே இல்லை என்னும்போது நடவுக் குனிவும் இல்லை. ஆனால் களை நிர்வாகத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் நடவில் மிச்சப்பட்ட குனிவைக் களையெடுப்பில் குனிந்து கழிக்க வேண்டிவரும். இதை யோசித்து முடிவு செய்க.

கைத்தெளிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. 16 லிட்டர் கொள்ளளவுள்ள தெளிப்பானை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. கருவியின் எடை தனி. வலி உள்ளவர்கள் 10 லிட்டர் மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். அப்போது மருந்தின் அளவையும் அதே விகிதத்தில் குறைக்க மறந்துவிடக் கூடாது. தரையில் வைத்துக் குனிந்து தூக்காமல், வரப்பிலோ வண்டியிலோ திண்டு உயரத்தில் வைத்து நிரப்பி, முதுகைத் திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டும்.

யூரியா மூட்டையை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். அந்த ஐந்து கிலோவால் உங்கள் முதுகு தப்பிவிடாது. மூட்டையை ஒருவராகத் தூக்க வேண்டாம். இருவர் சேர்ந்து தூக்குங்கள், அல்லது பிரித்து இரண்டு மூன்று பாதியாகக் கொண்டு செல்லுங்கள். தூக்கும்போது முழங்காலை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழ வேண்டும். தூக்கியபடியே இடுப்பைத் திருகுவது மிகவும் கெடுதல். காலை நகர்த்தித் திரும்புங்கள்.

தொடர்ந்து குனிந்து செய்யும் வேலை தவிர்க்க முடியாததானால், அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் ஊன்றி, ஐந்து தடவை மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிர்க. மேஸ்திரி முணுமுணுத்தாலும் பரவாயில்லை. பால் கறக்கக் குத்துக்காலிட்டு உட்காராமல் சிறு முக்காலி வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் பழைய வகைப் பீடம் இருந்தால் அதன்மேல் வைக்கக்கூடிய இருக்கை கிடைக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

பயிற்சி

நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். அடுத்தது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல். ஐந்தில் தொடங்கிப் பத்து வரை கூட்டலாம். முதுகுக்கு, பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாக உயர்த்தி ஐந்து எண்ணி இறக்க வேண்டும். இவற்றுடன் தினமும் நடை. வயலில் நடப்பது நடையில் சேராதா என்று கேட்பீர்கள். சேரும், ஆனால் சேற்றில் நடப்பது பயிற்சி ஆகாது, கட்டாந்தரையில் கை வீசி நடக்க வேண்டும்.

பயிற்சியின்போது சிறிதளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி முன்பைவிடக் கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குக. அடியோடு விட்டுவிட வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தக்கைப்பூண்டை மடக்கி உழுத மறுநாளே பயிர் பச்சை கட்டவில்லை என்று யாரும் வருத்தப்படுவதில்லை அல்லவா? இதுவும் அப்படித்தான்.

உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் முழங்காலுக்குப் பெரும் நிம்மதி. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கைத்தடி ஊன்றுவதில் வெட்கம் வேண்டாம். ஆனால் வலிக்கும் காலின் பக்கம் ஊன்றுவது தவறு. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும்.

வலி மாத்திரை

டைக்குளோஃபினாக் என்ற வலி மாத்திரையை அறியாத வீடில்லை. இதே மருந்தைக் கால்நடைகளுக்கு ஊசியாகப் போட்டு, அந்தப் பிணங்களைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. அதனால்தான் 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் சில கழுகுகளைக் காக்க இன்றும் பாடுபடுகிறார்கள். மனிதனுக்கு அது அத்துணை நஞ்சல்ல. மருத்துவர் சொல்லும் அளவில், சில நாட்களுக்கு, சாப்பிட்ட பின் எடுத்துக்கொண்டால் உதவும். ஆனால் மாதக்கணக்கில் தானாக வாங்கி விழுங்குவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து உடலில் நீர் வற்றியிருப்பவர்களுக்கும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து அதிகம். வலியுள்ள இடத்தில் தடவும் களிம்பு இவ்வகையில் பாதுகாப்பானது. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. மூன்றே நாளில் வலி பறந்துவிடும். பின்னர் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும்.

படம் எடுத்துப் பார்த்து "வட்டு தேய்ந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும்" என்று யாரேனும் சொன்னால் உடனே கலங்கிவிடாதீர்கள். வலியே இல்லாத ஐம்பது வயதினரைப் படம் எடுத்துப் பார்த்தபோதும் 80 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தென்பட்டதாக 2015-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. தேய்மானம் என்பது நரைமுடி போன்றது. வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். அதே நேரத்தில், எல்லா முயற்சியும் செய்தபிறகும் நடக்கவே முடியாதபடி முழங்கால் கெட்டுவிட்டவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை நல்ல பலன் தருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

சில வலிகளில் காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, அல்லது சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கில் மரத்துப் போனாலோ, பாதம் தொய்ந்து செருப்பு கழன்று விழுந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுந்த பிறகு வந்த வலி, இரவில் தூங்கவிடாத வலி, எடை குறைவோடு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். முதுகெலும்புக் காசநோயும் இப்படித்தான் தொடங்கும். மாடு, ஆடு வளர்ப்போருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, அதோடு இடுப்பு வலியும் மூட்டு வலியும் இருந்தால் அது புருசெல்லா என்னும் கிருமியால் வந்ததாக இருக்கலாம். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும், காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் இது தொற்றும். இரத்தப் பரிசோதனையில் தெரியும். பல வாரங்கள் தொடர்ந்து மருந்து உட்கொண்டால் குணமாகும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, கேட்காவிட்டாலும், "வீட்டில் மாடு இருக்கிறது, அண்மையில் கன்று வீசியது" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சிகளை நேரில் சரிபார்த்துக்கொள்ள இயன்முறை மருத்துவர் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும் அடங்கும். உங்கள் ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். இயன்முறை மருத்துவர் வரும் நாளில் உங்கள் களைக்கொத்தையும் மண்வெட்டியையும் எடுத்துக் காட்டி, நீங்கள் வேலை செய்யும் விதத்தை அவர் முன்னால் செய்து காட்டுங்கள். வீட்டில் நடவுக்குப் போகும் அம்மாவையும் அப்போது கூட உட்கார வையுங்கள்.