தன் உடம்பைத் தாக்காத காவல்

நோயை எதிர்க்கும் செல்கள் நம்மையே தாக்காமல் அடக்கிவைப்பவை ஒழுங்குமுறை டி செல்கள். இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025இல் மருத்துவ நோபல்.

நெஞ்செலும்புக்குப் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் இவை பிறக்கின்றன. எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: உடம்பின் சொந்தப் புரதத்தைத் தொடும்போது இளம் செல்லுக்குக் கிடைக்கும் சமிக்ஞையின் வலுதான் அதன் தலையெழுத்து. தறியில் பாவு இழையை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அறுந்துபோகுமே, அதுபோல, சமிக்ஞை மிகவும் வலுத்தால் செல் மடிகிறது. சற்றே குறைந்து, இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தின் துணையும் கிடைத்தால், ஃபாக்ஸ்பி3 மரபணு விழித்து அது ஒழுங்குமுறைச் செல்லாகிறது.

பெங்களூரில் ஆய்வாளர் அபூர்வா சரின் குழுவினர், இந்தச் செல்களை நாட்ச் என்ற சமிக்ஞை சாகாமல் காப்பதை எலிகளில் காட்டினார்கள்.

ஃபாக்ஸ்பி3 பழுதான ஆண் எலிக்குட்டிகள், இந்தச் செல்கள் சரியாக அமையாததால், தோல் செதிலுதிர்ந்து சில வாரங்களில் இறந்துவிடும். மனிதரில் அதே பழுது, ஐபெக்ஸ் என்ற அபூர்வ நோய்: பச்சிளம் ஆண்குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் சிலரைக் காப்பாற்ற முடிகிறது.